பறிக்கும் பருவத்தைக் கேமரா தப்பாகச் சொன்னால்: தக்காளி, மா தோட்டங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

செல்போனையோ, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் மாட்டிய சின்னக் கேமராவையோ வைத்து எந்தக் காய் பறிக்கத் தயார் என்று சொல்லும் அமைப்பு ஒன்றை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மேசைமேல் நன்றாக ஓடியது. தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் உளறுகிறது. அதைச் சரிசெய்யத்தான் இது.

தக்காளியும் மாவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் விளைபவை. ஆனால் கேமராவுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். தக்காளி தன் பக்குவத்தைத் தோலிலேயே எழுதிக் காட்டிவிடும். மா பெரும்பாலும் காட்டாது. வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இரண்டே காரணங்களில் அடங்கும்: ஒன்று வெளிச்சம், இன்னொன்று தோலில் இல்லாததைத் தோலில் தேடுவது. மாடலை, அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய கணிப்பு நிரலை, திரும்பப் பயிற்றுவிக்க உட்காருவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. தப்பாகப் போன படங்களில் கொஞ்சத்தை எடுத்து, முழு அளவில் திரையில் போட்டு, வழக்கமாகப் பறிக்கிற ஒருவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். படத்தைப் பார்த்து அவராலேயே சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு படம் எடுப்பதில் இருக்கிறது. அவர் டக்கென்று சொல்லிவிட்டால் கோளாறு நிரலிலோ மாடலிலோ இருக்கிறது. பாதித் தேடல் இதிலேயே குறைந்துவிடும்.

காலையில் 'காய்' என்றது, சாயங்காலம் அதையே 'பழம்' என்கிறது

அடிக்கடி வருவது இதுதான். பழம் மாறவில்லை, வெளிச்சம் மாறிவிட்டது. நடுப்பகல் வெயிலின் வண்ண வெப்பநிலை சுமார் 5500 கெல்வின். சூரியன் இறங்க இறங்க அது 3000 பக்கம் வந்து எல்லாவற்றின்மேலும் ஒரு செம்மை ஏறும். இலை நிழலுக்குள் நேர்மாறாக நீலம் ஏறும். நம் கண் இதைத் தானாகவே ஈடுகட்டிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

கேமராவும் ஈடுகட்டத்தான் பார்க்கிறது, வம்பே அதில்தான் இருக்கிறது. தானியங்கி வெண்சமநிலை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைச் சரிக்கட்டும் வசதி, ஒயிட் பேலன்ஸ்), பொதுவாக, ஒரு காட்சியின் சராசரி நிறம் சாம்பலாக இருக்கும் என்ற ஊகத்தில் வேலை செய்வது. படச் சட்டம் (ஃபிரேம்) முழுக்கப் பச்சை இலை நிறைந்திருந்தால், பச்சை அதிகமாகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் இளஞ்சிவப்புப் பக்கம் தள்ளும். பச்சைக் காய் செங்காய் போலத் தெரியும். அதே கேமராவைச் செம்மண் தரை தெரிகிற மாதிரி திருப்பினால் சிவப்பைக் குறைக்கும், பழுத்த தக்காளி மங்கிப்போகும். ஒரே காய், ஒரே நிமிடம், கேமராவின் கோணம் மட்டும் மாறினாலும் விடை மாறுகிறது என்றால் இதுதான் காரணம்.

போனில் புரோ மோடுக்குப் போய் வெண்சமநிலை, எக்ஸ்போஷர் (உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் கையால் நிறுத்துங்கள். எச்டிஆர், 'காட்சி மேம்பாடு' மாதிரியானவற்றை அணையுங்கள். பை கேமராவில் தானியங்கி வெண்சமநிலையை அணைத்துவிட்டு, சிவப்பு, நீலம் இரண்டின் பெருக்கங்களையும் நீங்களே எண்ணாகக் கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு சாம்பல் அட்டை விழுகிற மாதிரி வையுங்கள். அட்டை எப்போதும் ஒரே சாம்பலாகவே வெளிவர வேண்டும். எவ்வளவு விலகி வருகிறதோ அந்த அளவுக்கு மூன்று நிறங்களையும் பெருக்கித் திருத்திவிடலாம். அட்டைக்குப் பதில் வெள்ளைத்தாள் வைக்காதீர்கள். அச்சுத்தாளில் வெண்மை கூட்டும் பொருள் கலந்திருக்கும், வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். போதாததற்கு, வெயிலில் வெள்ளை முழுசாக எரிந்து, ஒரு நிறம் எட்டக்கூடிய உச்ச எண்ணான 255 ஆகிவிடும். அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

அட்டை வைத்தும் நிற்கவில்லை என்றால் வெயிலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இரவில் எடுங்கள். ஆஸ்திரேலியாவில் மத்திய குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகக் குழுவினர் மாந்தோப்பில் மரத்திலுள்ள காய்களை எண்ணுவதற்கு வண்டியில் எல்இடி விளக்குகளைக் கட்டிக்கொண்டு இரவில்தான் படம் எடுத்தார்கள். 2019இல் அவர்கள் வெளியிட்ட 'மேங்கோயோலோ' மாடல் அந்தப் படங்களிலிருந்து வந்தது. இரவில் வெளிச்சம் உங்கள் கையில் இருக்கும். பின்னால் உள்ள வரிசைகள் இருட்டில் மறைந்துபோவதால், பக்கத்து வரிசைக் காயை இந்த வரிசையில் சேர்த்து எண்ணும் தொல்லையும் கூடவே தீரும்.

நல்ல சிவப்புத் தக்காளியை மட்டும் விட்டுவிடுகிறது

செங்காய் எல்லாம் சரியாக வருகிறது, முழுசாகச் சிவந்தது மட்டும் தப்புகிறது என்றால் வெளிச்சத்தைத் தேடிப் போக வேண்டாம், நிரலைப் பாருங்கள்.

படங்களைக் கையாளும் நிரல் நூலகமான ஓப்பன்சிவி படத்தைப் படிக்கும்போது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கும். மற்றப் பல நூலகங்கள் சிவப்பிலிருந்து தொடங்கும். இடையில் மாற்றாமல் விட்டால் தக்காளி நீலமாகிவிடும். படத்தைத் திரையில் ஒருமுறை போட்டுப் பார்த்தாலே தெரியும், ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

கொஞ்சம் ஒளிந்திருப்பது அடுத்தது. நிறத்தைச் சாயல், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்வி முறையில் சாயல் ஒரு வட்டம். 360 பாகையை ஓப்பன்சிவி பாதியாக்கி 0 முதல் 179 வரை வைக்கிறது. சிவப்பு அந்த வட்டம் தொடங்குகிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் 0 பக்கமும் வரும், 179 பக்கமும் வரும். 0 முதல் 10 வரை மட்டும் தேடினால் நன்றாகச் சிவந்த பழத்தில் பாதியை இழந்துவிடுவீர்கள். 170 முதல் 179 வரையுள்ளதையும் சேர்த்து இரண்டு வரம்பாகத் தேட வேண்டும். சராசரி எடுப்பவர்களுக்கு இதைவிட மோசம்: 178ம் 2ம் இரண்டும் சிவப்பு, அவற்றின் சராசரி 90, அது பச்சைநீலம். சாயலைச் சராசரி எடுக்காமல் லேப் (Lab) என்ற வண்ணமுறைக்குப் போய் 'ஏ' மதிப்பைப் பயன்படுத்துவது மேல். பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே அது ஒரே கோடாக ஏறும், தக்காளிக்கென்றே செய்தது போல் இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் வெயில் நேரடியாக விழுகிற பழம் மட்டும் ஆரஞ்சாக வருகிறதா? சிவப்புப் புள்ளிகள் 255இல் முட்டி நிற்கின்றன. அதற்குமேல் சிவப்பு ஏற இடமில்லை, பச்சை மட்டும் ஏறும், சாயல் மஞ்சள் பக்கம் நகரும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். படம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும். பரவாயில்லை, படம் நமக்கில்லை.

கேமரா 'பச்சை' என்கிறது, பறித்துத் திருப்பினால் கீழே சிவந்திருக்கிறது

தக்காளி பூ இருந்த முனையிலிருந்து, அதாவது அடியிலிருந்து, பழுக்கத் தொடங்கும். காம்புப் பக்கத்துத் தோள் கடைசியில்தான் நிறம் மாறும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தோள் மட்டுமே தெரிகிறது. கேமராவைப் பாத்திக்குப் பக்கவாட்டில், கொத்தின் மட்டத்துக்கோ கொஞ்சம் தாழ்வாகவோ இறக்குங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

ரகத்தையும் பார்க்க வேண்டும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 மாதிரியான ரகங்களில் தோள் பச்சையாக இருப்பது இயல்பு. இப்போதைய கலப்பின ரகங்கள் பலவற்றில் காய் முழுவதும் ஒரே மாதிரி வெளிறிய பச்சையாக இருந்து ஒரே மாதிரி சிவக்கும். ஒன்றில் பயிற்றுவித்த மாடலை மற்றதில் போட்டால் தோளைப் பார்த்துவிட்டுக் 'காய்' என்று சொல்லத்தான் செய்யும். போன வருஷம் நன்றாக ஓடியது இந்த வருஷம் ஓடவில்லை என்கிறவர்கள் முதலில் விதைப் பாக்கெட்டைத் தேடுங்கள்.

சித்திரை வெயிலில் எந்தத் தக்காளியும் 'சிவப்பு' நிலைக்கு வரவே இல்லை

இதில் கேமரா பொய் சொல்லவில்லை. தக்காளிக்குச் சிவப்பு தருவது லைகோபீன். பழம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது லைகோபீன் உருவாவது தடைப்படும். மஞ்சள் தரும் கரோட்டின் மட்டும் தொடர்ந்து சேரும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் பழம் உள்ளே நன்றாகப் பழுத்து இளகிவிட்டாலும் வெளியே ஆரஞ்சிலேயே நின்றுவிடுகிறது. தை மாதப் படங்களில் பயிற்றுவித்த மாடல் 'இன்னும் இரண்டு நாள் போகட்டும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், பழம் செடியிலேயே கொழகொழத்துப் போகும்.

இதற்கு எக்ஸ்போஷரைத் திருகிப் பயனில்லை. கோடைக்கு என்று தனி வரம்பு வையுங்கள். கோடையில் எடுத்த படங்களைக் கோடையில் பறித்த கையே வகைப்படுத்தட்டும். செடிக்குச் செடி தேதி வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது: முதல் நிறம் தட்டிய நாளை அமைப்பு குறித்துக்கொண்டால், நிறத்தைப் பார்க்காமல் நாளை வைத்தே பறிக்கச் சொல்லலாம். மிதமான வெப்பத்தில் நிறம் தட்டியதிலிருந்து முழுச் சிவப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

வெயில் பட்ட பக்கம் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ தோல் வெந்திருக்கும் பழங்களைத் தனி வகையாகவே பிரித்துவிடுங்கள். காய், செங்காய், பழம் என்ற மூன்றில் எதில் சேர்த்தாலும் அந்த வகையைக் கெடுக்கும்.

பச்சைக் காய்களில் முற்றியது எது, முற்றாதது எது என்று பிரிக்கவில்லை

பிரிக்காது. முற்றிய பச்சைத் தக்காளியைக் கத்தியால் குறுக்கே அறுத்தால் அறைகளில் கூழ் நிறைந்திருக்கும், விதை வெட்டுப்படாமல் நழுவும். முற்றாததில் விதையும் சேர்ந்து அறுபடும். வித்தியாசம் எல்லாம் உள்ளே. சாதாரணக் கேமரா படத்தில் அதற்கு நம்பகமான அடையாளம் இல்லை, எத்தனை ஆயிரம் படம் கொடுத்தாலும் வராது. கேள்வியை மாற்றுங்கள். தூரத்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் எப்படியும் நிறம் தட்டிய செங்காயைத்தான் பறிக்கிறார்கள். முதல் நிறத்தைக் கண்டுபிடிப்பது கேமராவுக்குக் கைவந்த கலை.

செந்தூரா சிவந்துவிட்டது என்று பறிக்கச் சொல்கிறது, அறுத்தால் வெள்ளை

இங்கேதான் மா தன் குணத்தைக் காட்டுகிறது. செந்தூரா என்ற மா ரகத்தின் தோளில் வரும் சிவப்பு, முதிர்ச்சியைவிட வெயிலைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. தோலில் வெளிச்சம் படுகிற இடத்தில் சேரும் ஆந்தோசயனின் என்ற நிறமி அது. வெளிக்கிளையில் தொங்கும் இளங்காய் சிவந்திருக்கும், உள்கிளையில் நன்றாக விளைந்த காய் பச்சையாகவே இருக்கும். இதை நிறத்தை வைத்துத் தீர்மானிக்கும் அமைப்பு பாதி நேரம் கிளையைத்தான் தரம்பிரிக்கிறது. பெங்களூரா, நீலம் போன்ற மா ரகங்களில் பிரச்சினை வேறு: அவை பறிக்கும் பருவத்திலும் பெரும்பாலும் பச்சைதான்.

தக்காளிச் செங்காயைச் சீக்கிரம் பறித்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை, வைத்தால் பழுத்துவிடும். மாங்காயை முற்றாமல் பறித்தால் நிறம் வரலாம், சுருக்கம் வரும், ருசி வராது. அப்படிப் பறித்ததைத்தான் பிறகு கல் வைத்து மஞ்சளாக்கப் பார்க்கிறார்கள். கார்பைடு கல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, அதுவும் நிறத்தைத்தான் தரும், ருசியைத் தராது. ஆகவே மாவுக்கு அமைப்பு செய்கிறவர்கள் 'தயார்' என்று சொல்லும் வரம்பை இறுக்கமாக வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 'இல்லை' என்றே சொல்லட்டும்.

கேமராவால் உதவவே முடியாதா என்றால், முடியும். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காய் விளைய விளையத் தோள் உயர்ந்து காம்பு அதற்குள் பதிந்துபோகும், கன்னம் திரண்டு வரும். பக்கவாட்டுப் படத்தில் காம்பு ஒட்டும் இடத்துக்கும் தோளின் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளக்கலாம். இதற்குக் காய் முழுசாகத் தெரிய வேண்டும், கோணமும் ஒத்துவர வேண்டும். ரகத்துக்கு ரகம் அளவு மாறும்: மூக்கு நீண்ட பெங்களூராவுக்கு வைத்த கணக்கு உருண்டையான மல்கோவாவுக்கு ஒத்துவராது. கேமரா சொன்னதைச் சரிபார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். நன்கு விளைந்த காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். கேமரா 'தயார்' என்றவற்றில் சிலவற்றைப் பறித்து வாளியில் போட்டுப் பாருங்கள். மிதப்பவை அதிகமாக இருந்தால் பறிப்பை நிறுத்திவிடலாம்.

அகச்சிவப்புக் கேமரா வாங்கினேன், ஒன்றும் தெரியவில்லை; எல்லாம் ஊதாவாக இருக்கிறது

ராஸ்பெரி பைக்கு 'நோஐஆர்' என்று விற்கும் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்காது, அவ்வளவுதான். இலையும் காயும் அண்மை அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்புபவை. அது மூன்று நிறங்களிலும் கலந்துவிடுவதால் நிறத்தை வைத்துச் செய்யும் எந்த முடிவும் கெட்டுப்போகும். தக்காளியின் நிறத்தைப் பார்க்க இதை மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சாதாரணக் கேமராவை மாட்டுங்கள்.

மாங்காயின் உள்ளே பார்க்கலாம் என்று வாங்கியிருந்தால், அதற்கு வேண்டியது படம் இல்லை, நிறமாலை. 700 முதல் 1100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, எந்தெந்த அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கைக்கருவிகள் இருக்கின்றன. ஃபீலிக்ஸ் எஃப்-750 அப்படிப்பட்ட ஒன்று. ஆஸ்திரேலிய மா விவசாயத்தில் இம்மாதிரிக் கருவி காயின் உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) அளவைக் கணிக்கப் பயன்படுகிறது. காயில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் பிறகு சர்க்கரையாகிறது. ஆகவே பறிக்கும்போதுள்ள உலர்பொருள், பழுத்தபின் இனிப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். கருவி விலை அதிகம். தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

கருவி கையில் இருந்தும் காலைக்கும் மதியத்துக்கும் அளவு வேறுபடுகிறதா? தண்ணீர் 970 நானோமீட்டர் பக்கம் வலுவாக உறிஞ்சும், அந்த உறிஞ்சல் பழத்தின் சூட்டைப் பொறுத்து நகரும். வெயிலில் காய்ந்த கன்னத்தையும் நிழல் கன்னத்தையும் மாற்றி மாற்றி அளக்காதீர்கள். விடிகாலையில் ஒரு முறை, ஒரே பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியைச் சரிபார்க்கும் குறிப்புத் தகட்டை அளந்தபிறகே காயைத் தொடுங்கள். வேறு ரகத்துக்கு அளவுதிருத்திய கருவியை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் தோப்புக் காய்கள் சிலவற்றைக் கருவியில் அளந்துவிட்டு, அதே இடத்துச் சதையைத் தோல் நீக்கி எடுத்து எடைபோட்டு, 65 டிகிரி அடுப்பில் எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

வெள்ளைப் புள்ளி, நீலத் திட்டு: காயை வேறு ஏதோ என்கிறது

பனி, தோலின் மினுமினுப்பு, மருந்துப் படிவு. போர்டோ கலவை தெளித்தால் நீலம் படியும், நனையும் கந்தகம் வெளிறிய படலம் விடும். மருந்து அடித்தபிறகு எடுத்த படங்களும் பயிற்சியில் இருக்க வேண்டும். மினுமினுப்புக்கு லென்சின் முன் போலரைசிங் வடிகட்டி. அது இல்லையென்றால், செறிவு மிகக் குறைவாகவும் வெளிச்சம் மிக அதிகமாகவும் உள்ள புள்ளிகளைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டு மீதியை வைத்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கணினியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, தோட்டத்தில் பாதிகூட இல்லை

வெளிச்சத்தைச் சரிசெய்தபிறகும் இப்படி என்றால், தேர்வு வைத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். வீடியோவிலிருந்து படங்களைப் பிரித்தெடுத்து, அவற்றைக் குலுக்கிப்போட்டுப் பயிற்சிக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று பங்கிட்டிருப்பீர்கள். ஒரே காயின் அடுத்தடுத்த சட்டங்கள் இரண்டு பக்கமும் போயிருக்கும். மாடல் பக்குவத்தைக் கற்கவில்லை, அந்தக் காயை மனப்பாடம் செய்துவிட்டது. செடிவாரியாக, முடிந்தால் தோட்டம்வாரியாகவும் நாள்வாரியாகவும் பிரியுங்கள். மதிப்பெண் சரியும். சரிந்துவந்த அந்த எண்தான் உண்மை.

அடுத்து, வகைப்படுத்தியவர்கள். 'செங்காய்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க வேளாண்துறையின் தக்காளித் தரநிலையில் ஆறு படிகள் உண்டு: முழுப் பச்சை, நிறம் மாறிய பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகாதது, 10 முதல் 30, 30 முதல் 60, 60 முதல் 90, அதற்கு மேல். நமக்கு ஆறும் வேண்டியதில்லை, ஆனால் சதவீதத்தை வைத்துப் பேசினால் சண்டை குறையும். அனுபவமுள்ள இருவரிடம் ஒரே படங்களைத் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் இருவரும் எங்கே மாறுபடுகிறார்களோ அங்கே மாடல் தப்பினால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. அந்தத் தரநிலை பழத்தின் முழுப் பரப்பையும் வைத்துச் சொல்வது, கேமராவுக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

கேமரா சொன்னது சரி, மண்டியில் திருப்பிவிட்டார்கள்

இது அமைப்பின் கோளாறு இல்லை, வரம்பின் கோளாறு. ராயக்கோட்டையில் அன்றே விற்றுவிடும் பழத்துக்கும் கோயம்பேட்டுக்கு லாரியில் போகும் பழத்துக்கும் ஒரே வரம்பு இருக்கவே முடியாது. 'தயார்' என்ற ஒற்றை விடையை எடுத்துவிட்டு, நிறச் சதவீதத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை சதவீதத்தில் பறிப்பது என்பதை அன்றைக்கு லாரி எங்கே போகிறது என்று தெரிந்தவர் முடிவு செய்யட்டும்.

காலையில் வேகமாக ஓடுகிறது, மதியம் திக்கித் திக்கி நிற்கிறது

ராஸ்பெரி பையின் சில்லு 80 டிகிரியைத் தாண்டும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வெயிலில் வைத்தால் அது சீக்கிரமே நடக்கும். வெள்ளை டப்பா, நிழல், ஒரு சின்ன விசிறி. அப்படியும் நின்றால் மின்கலத்தைப் பாருங்கள்: மின்னழுத்தம் குறைந்தாலும் இதே அறிகுறிதான், திரை இணைத்திருந்தால் ஓரத்தில் மின்னல் குறி வரும்.